நாலு பட்டை வாலும் மூன்று தாடைச் சக்கும்: நெய்வேலிப் பட்டறையியலுக்கு ஒரு முன்னுரையின் முன்னோட்டம்

பழைய தச்சுக்கருவியைப் புது மெஷினில் பொருத்துவது பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு இல்லை. தேடிப் பார்த்துச் சொல்லவில்லை. இந்த வாக்கியம் இல்லாமல் தொடங்கும் கட்டுரையை எந்த நெறியாளரும் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

ஆய்வுக்களம் நெய்வேலி. 1956-ல் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டத்தை இயற்றியது; அதே ஆண்டு நவம்பர் 14-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரம், அனல் மின் நிலையத்துக்கு சோவியத் உதவி. இரண்டும் மில்லிமீட்டர் பேசின. தச்சர்களின் பையிலோ அங்குலம். இரு அளவைகளும் ஒரே வட்டத்தில் குடியேறின. இன்றுவரை ஒத்துப்போகவில்லை (காண்க: பட்டறைச் சுவர், தென்புறம்).

பொருத்துதல் மூவகைப்படும் என்ப: கழித்தல், நிரப்பல், கண்ணை மூடிக்கொள்ளல். மூன்றாவதை மருத்துவத் துறையினர் எழுதட்டும்.

கழித்தல்: கால் அங்குல ரூட்டர் பிட்டின் தண்டு 6.35 மி.மீ.; 6 மி.மீ. காலெட்டில் ஏறாது. தண்டைத் தேய்க்காதீர், காலெட்டை மாற்றுக.

நிரப்பல்: ஓர் அங்குலத் துளையுள்ள வட்ட ரம்பம் 25.4 மி.மீ.; புது மெஷினின் தண்டு 25. ரம்பம் 0.2 மி.மீ. ஒதுங்கி உட்காரும். அப்போது ஒரு பக்கத்துப் பற்களே உழைக்கும். எதிர்ப்பக்கத்தார் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பர். தண்டு 20 மி.மீ. என்றால் கவலையில்லை, லேத்தில் ஒரு புஷ் கடைந்து போடலாம். ஆய்வேட்டில் அடிக்குறிப்பு செய்வதையே புஷ்ஷும் செய்கிறது: உள்ளே ஓர் அளவு, வெளியே ஓர் அளவு, நடுவிலுள்ள வெற்றிடம் யார் கண்ணிலும் படாது (காண்க: மேற்படி சுவர், சுண்ணாம்புக்கட்டிக் கிறுக்கல், காலண்டரை நகர்த்தினால் தெரிவது, கூட்டல் பிழை மூல ஆசிரியருடையது).

இனி மையப் பொருள். கைப்பிரேஸில் சுழற்றிய பழைய ஆகர் பிட்டின் வால் நாலு பட்டை, அதுவும் கூம்பியது. பேட்டரி டிரில்லின் சக்குக்குத் தாடை மூன்று. நான்கை மூன்றால் பிடிப்பது எங்ஙனம்? இதில் அறிஞர் இரு கட்சியாகப் பிரிந்தனர். நான்முகக் கட்சியார் சக்கை இன்னும் இறுக்கினால் போதும் என்பர். அவர்களது பிட் மரத்தில் நிற்க, சக் மட்டும் தனியே சுற்றும். ஆறுமுகக் கட்சியார் கூம்பு வாலை வெட்டி எறிந்து, மிஞ்சிய உருண்டைத் தண்டில் அரத்தால் ஆறு பட்டை போடுவர். ஆறு மூன்றால் வகுபடும், ஆகவே பிடிக்கும். கந்தபுராணம் அறிந்தோர்க்கு இந்த வாதத்தின் முடிவு புதிதல்ல: ஆறுமுகன் நான்முகனைச் சிறையிலேயே வைத்தான் (ஒப்பிடுக: பால் பாக்கெட்டின் உட்புறத்து எழுத்து, பால்பாயிண்ட், காலம் தெரியவில்லை, ஈ எச்சத்தால் ஓர் இலக்கம் சிதைந்தது, ‘5’ என்று பாடம் கொள்வோரும் ‘6’ என்போரும் உளர், இரு தரப்பும் ஒரே துறையில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை).

பட்டை போட்டதும் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணற்க. ஆகர் பிட்டின் நுனியில் ஒரு திருகு உண்டு. அதுவே பிட்டை மரத்துக்குள் இழுத்துப் போகும். கையால் சுழற்றிய காலத்துக்கு அது வரம். மோட்டாரில் மாட்டிப் பண்ருட்டிப் பலாவில் இறக்கினால் பிட் நிற்கும், டிரில் நிற்காது. ஆய்வாளரின் மணிக்கட்டே ஆய்வுப்பொருளாகும். திருகின் புரியை அரத்தால் மழித்துவிட்டு, மெதுவான வேகத்தில் ஓட்டுக. இவ்வளவையும் பட்டறைக்காரர் “நுனியைத் தேய்ங்க சார்” என்று முடித்துவிட்டார். மூன்று சொல்லில் கட்டுரை எழுத முடியாது என்பதால் அவர் கூற்றை இங்கே விரித்தோம்.

எஞ்சியது மரக்கடைசல் லேத்தின் பழைய சக். ஓர் அங்குலத் தண்டில் பிரிட்டிஷ் விட்வொர்த்துக்கும் அமெரிக்கத் தரத்துக்கும் அங்குலத்துக்கு 8 புரியே. ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. அந்த ஐந்து பாகைக்குத் தனி ஆய்வுத்திட்டம் வகுத்து நிதி கேட்டிருக்கிறோம். இதற்கிடையே பட்டறைக்காரர் புது சக் வாங்கிவிட்டதாகக் கேள்வி. ஆய்வுக்கு அதனால் பாதிப்பில்லை.