பசந்தருக்குப் பிறகு

1971 போரில் இறந்தவர்களின் உடல் பெரும்பாலும் ஊருக்கு வரவில்லை. போர்முனைக்குச் சற்றுப் பின்னாலேயே தகனம் முடிந்துவிடும். வீட்டுக்கு முதலில் ஒரு தந்தி போகும், சில வாரம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டி போகும். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்து, துப்பாக்கி முழங்க வழியனுப்புகிற காட்சியை நம் ஜனங்கள் 1999 கார்கில் போரில்தான் பரவலாகப் பார்த்தார்கள். இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "மொகத்தைக்கூடக் காட்டலையா?" என்று கேட்கிறார்கள். காட்டவில்லை. நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நண்பரின் மனைவி, லீவு முடிந்து பஸ் ஏறிய கணவரைத்தான் கடைசியாகப் பார்த்தார்.

நானும் அந்த நண்பரும் பழைய வடஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். வெலிங்டனில் பயிற்சி முடித்து 16 மதராஸ் பட்டாலியனுக்குப் போனபோது அவர் எனக்கு சீனியர். டிசம்பர் 15 இரவு, ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்தோம். ஆற்றின் இரு பக்கமும் கண்ணிவெடி புதைத்த வயல்கள். மறுநாள் எதிரியின் பதிலடித் தாக்குதல் அலை அலையாக வந்தது. பூனா ஹார்ஸ் படையின் அருண் கேத்ரபால் பரம்வீர் சக்ராவைப் பெற்றுத்தந்த சண்டையில் டாங்கியிலேயே உயிர்விட்டது அந்தப் பகலில்தான். என் நண்பர் ஷெல்லடியில் போனதும் அதே பகலில்தான். 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் போர் நின்றது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது. நாங்கள் பிடித்த ஷகர்கட் நிலத்தை அந்த வருஷம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சமாதானத்துக்கு அது தேவை என்றார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மண்ணைத் திருப்பிக் கொடுத்த சேதியை அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரோதான் சொன்னார்கள்.

முதல் லீவில் அவர் வீட்டுக்குப் போனேன். டிரங்குப் பெட்டி எனக்கு முன்பே வந்துசேர்ந்திருந்தது. கம்பளி ஸ்வெட்டர், ஷேவிங் செட், அண்ணிக்காகப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் எழுதிக்கொடுத்த கடிதங்கள் ஒரு கட்டு. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். போரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி அவரு சாப்ட்டாரா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்ட்டாரு அண்ணி. லங்கர்ல பூரியும் உருளைக்கிழங்கும் போட்டாங்க. என் பங்குலயும் ரெண்டு எடுத்துக்கிட்டாரு."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. பூரி என்றால் என் நண்பருக்கு உயிர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒரு சிப்பாயின் விதவைக்குப் பென்ஷன் என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. காகிதமெல்லாம் ஆங்கிலத்தில் வரும். போரில் இறந்தவருக்கு ஒரு வகை, பணியின் காரணமாக இறந்தவருக்கு ஒரு வகை, மற்றபடி இறந்தவருக்கு வேறொரு வகை. போரில் இறந்தவரின் மனைவிக்கு, கணவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதற்கும் ஈடாகத் தரும் 'லிபரலைஸ்டு' குடும்ப ஓய்வூதியம் உண்டு. அண்ணிக்கு அதைவிடக் குறைந்த வகையைப் போட்டிருந்தார்கள். அவருக்கோ அவர் மாமனாருக்கோ எது எது என்று தெரியாது. வருகிற பணத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்து அந்தப் பென்ஷன் ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. அதைத் திருத்த நாங்கள் ஏறி இறங்கிய படிகளைச் சொல்லி மாளாது. ஓர் அலுவலகத்தில், "இவ்வளவு நாள் ஏன் கேக்கலை?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கேட்கத் தெரியாதவரைத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

நிலுவைத் தொகை வந்ததும் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. மகன் ஐ.டி.ஐ. முடித்து ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சேர்ந்தான். பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "இந்த வூட்ல ஒருத்தர் போனது போதும்" என்று அண்ணி தடுத்துவிட்டார். அன்று நானும் அவர் பக்கம்தான் நின்றேன்.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. பென்ஷன் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளம் வழியாக நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். வயல் வேலையில் தேய்ந்த அண்ணியின் விரல்களை ரேகைக் கருவி படிப்பதே இல்லை. ஒவ்வொரு விரலாக வைத்து, சேலை முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்ப்பார். இப்போது முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்திருக்கிறது. பேத்தி போனைத் தூக்கிப் பிடித்து, "கண்ணைச் சிமிட்டு பாட்டி" என்கிறாள். அண்ணி பளிச்சென்று சிமிட்டுகிறார். பச்சை நிறத்தில் சரி என்று வருகிறது. இது நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன்.

டெல்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த வீரர்களின் பெயர்களை அங்கே கருங்கல்லில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அண்ணியை, மகனை, பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். சுவர் சுவராகத் தேடிப் பெயரைக் கண்டுபிடித்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிவிட்டு, "பேரைச் சரியாப் போட்டிருக்காங்களா தம்பி?" என்றார். சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பர், ரேங்க் எல்லாம் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பேரன் அசையவே இல்லை.

அந்தப் பேரன்தான் இப்போது பட்டாளத்தில் இருக்கிறான், அக்னிவீரராக. மகனைத் தடுத்த அண்ணி பேரனைத் தடுக்கவில்லை. "கல்லுல தாத்தா பேரைப் பாத்துட்டான், இனிமே எப்படிப் பிடிச்சு வைக்கிறது?" என்றார். பையனைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த அக்னிவீரர் திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு வருஷம் முடிந்தால் நான்கில் ஒரு பங்குப் பேருக்கு மேல் நிரந்தரமாக எடுக்கமாட்டார்கள். மற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. அந்த நான்கு வருஷத்துக்குள் ஒருவன் இறந்துவிட்டால் காப்பீடும் நிவாரணமும் லட்சக்கணக்கில் வரும், மாதாமாதம் வரும் பென்ஷன் இல்லை. தாத்தா விட்டுப்போன அந்த மாதப் பணம்தான் இந்தக் குடும்பத்தைத் தலைமுறை தாண்டி நிற்க வைத்தது. மொத்தமாக வரும் பணத்துக்குச் சுற்றத்தில் எத்தனை பங்காளிகள் முளைப்பார்கள் என்பது, 22 வயதில் கைம்பெண்ணான ஒருத்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும். இதை மாற்ற வேண்டும்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களோடு இருந்து இறந்தவரின் வீட்டுக்கு இந்த மாதமே போங்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, அவர் மனைவியின் பென்ஷன் ஆணையை வாங்கிப் படியுங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியமா, சிறப்பு ஓய்வூதியமா, லிபரலைஸ்டா என்று அதிலேயே இருக்கும். தவறாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அந்த அம்மாளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.