இந்துப்புக்கு மாறினால் போதுமா?

கேள்வி: தூள் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். இனி ஊறுகாய், அப்பளத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்தானே?

பதில்: உப்பின் நிறம்தான் மாறியிருக்கிறது, ரத்தக் குழாய்க்கு நிறம் தெரியாது. இந்துப்பு, கல்லுப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதில் ஏறத்தாழ 40 சதவீதம் சோடியம். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது அதுவே. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். 'இந்துப்பில் தாதுக்கள் உண்டே' என்பீர்கள். உண்டு, ஆனால் சாம்பாரில் போடும் அளவில் அவை பெயருக்குத்தான். இரும்புக்கும் கால்சியத்துக்கும் முருங்கைக்கீரை இருக்கிறது, உப்பை நம்ப வேண்டாம். அதைவிட முக்கியம் அயோடின். கழுத்துக் கழலையைத் தடுக்கவே, அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் நம்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கர்ப்பிணி உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல.

'தாத்தா உப்பு தின்று திடமாக வாழ்ந்தாரே' என்று அடுத்த கேள்வி வரும். அவர் வெயிலில் உழைத்து வியர்த்தவர். அவருடைய ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தவரும் அநேகமாக இல்லை. மாற்று உப்பே வேண்டுமென்றால் பொட்டாசியம் கலந்ததற்குச் சான்று இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதும் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மற்றபடி, முதலில் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைப் பாதியாக்குங்கள்.