பழைய சிடியும் புதிய புலம்பலும்

திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால், சென்னையில் இறங்கும் இடம் மூர் மார்க்கெட் வளாகம். அந்தப் பெயரைத் தந்த, 1985இல் எரிந்துபோன சந்தையில் பழைய புத்தகம் அமோகமாக விற்றது. விற்பனையில் பங்கு கேட்டு எழுத்தாளர் வந்து நின்றிருந்தால், கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

வீடியோ கேம் கம்பெனிகளுக்கு அந்த டீ போதாது. ஆடி முடித்த சிடியைச் சென்னை ரிச்சி தெருவில் தள்ளிவிடும் பையன், அவர்கள் கண்ணுக்குக் கொள்ளைக்காரன். கணக்கு உண்மைதான்: பழைய சிடி கைமாறினால் உருவாக்கியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்காவின் கேம்ஸ்டாப் கடைகள் புதியதைவிடப் பழையதில்தான் அதிக லாப விகிதம் பார்த்தன. ஆனால் பையன் அடுத்த புது கேம் வாங்குவதே பழையதை விற்ற காசில்தான். அதை மட்டும் கம்பெனிகள் கணக்கில் எழுதுவதில்லை.

2013இல் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியின் கேம்களைக் கைமாற்றக் கட்டுப்பாடு அறிவித்தது. ஒருவர் இன்னொருவரிடம் சிடியை நீட்டுவதுதான் பகிரும் முறை என்று போட்டிக் கம்பெனியான சோனி வீடியோ போட்டுக் கேலி செய்தது. மைக்ரோசாஃப்ட் ஜூன் 19 அன்று பின்வாங்கியது. கேலி செய்த சோனியோ, 2020இல் சிடி போட வழியே இல்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றையும் விற்றது!

டவுன்லோட் செய்த கேமை விற்க முடியாது. காசு கொடுத்தது ஆடும் அனுமதிக்கு மட்டும். திருத்தணி மலையின் 365 படியும் ஏறி வேண்டினாலும் பாதி விலை தேறாது. பீரோவில் பழைய சிடி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கே சொந்தமான கடைசி கேம் அதுவாக இருக்கலாம்.