வரிந்து கட்டிய வம்சம்

பல்லவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: லேசான வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் உலகமெல்லாம் செங்கல்லும் மரமும் வைத்துக் கோயில் கட்டிக்கொண்டிருந்தது. முதலாம் மகேந்திரவர்மனுக்கு அது பிடிக்கவில்லை. மண்டகப்பட்டுக்குப் போய் ஒரு முழுப் பாறையைக் குடைந்தார். குடைந்தவர் சும்மா இருந்தாரா? செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை என்று பக்கத்திலேயே கல்வெட்டும் வைத்தார். வாங்காத சாமானுக்கு ரசீது போட்ட ராஜா அவர் ஒருவராகத்தான் இருப்பார். கூடவே விசித்திரசித்தன் என்று ஒரு பட்டம் வேறு.

அந்த ரத்தம் இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மனுக்கும் அப்படியே இறங்கியது. சுமார் 700 முதல் 728 வரை ஆண்டவர். தாத்தாவின் தாத்தா மலையைத் தேடிப் போனார். இவர் கல்லைக் காஞ்சிக்கே வரவழைத்தார். பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரம், இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தத்தைத் தாண்டிப் போனால் வரும் கைலாசநாதர் கோயில் அவர் வேலைதான். அடியில் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் உளிக்குச் சீக்கிரம் மசியும். மிச்சமான நேரத்தை ராஜா வீணாக்கவில்லை. மதிலை ஒட்டி 58 குட்டிச் சன்னதிகளை எழுப்பி, அவற்றின் மேல் தம்முடைய பட்டங்களை வெட்டச் சொன்னார். அத்யந்தகாமன், ரணஜயன், ஆகமப்பிரியன், சிவசூடாமணி, வாத்தியவித்யாதரன் என்று 200-ஐத் தாண்டிப் போகிறது பட்டியல். ஒரு தடவை படித்தால் ஜனங்களுக்கு மறந்துவிடுமே! அதனால் அதே பட்டங்களை வேறு வேறு எழுத்து வடிவங்களிலும் மறுபடி வெட்டச் சொன்னார்.

இந்த உற்சாகத்துக்குப் போட்டியாக ஒருவர் திருநின்றவூரில் முளைத்தார். பூசலார். கதையைச் சேக்கிழார் சொல்கிறார். பூசலாருக்கும் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. அலைந்து பார்த்தார், யாரிடமும் பைசா பெயரவில்லை. சரி, மனசுக்குள்ளேயே கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கற்பனைதானே என்று ஒரே மூச்சில் கோபுரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். பூசலார் அப்படிப்பட்ட ஆளில்லை. மனசுக்குள்ளேயே பணம் திரட்டி, தச்சரைக் கூப்பிட்டு, நாள் பார்த்து, அஸ்திவாரம் தோண்டினார். சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் எழுப்பினார், குளமும் தோண்டினார். ராத்திரியிலும் கண் மூடவில்லை. மனசுக்குள் வேலை செய்யும் கொத்தனாருக்குக்கூட லீவு கொடுக்காத மனிதர்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார் பூசலார். ராஜாவும் காஞ்சியில் அதே நாளைக் குறித்திருந்தார். முந்தின ராத்திரி சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, “நாளைக்கு நின்றவூரில் பூசல் கட்டின கோயிலுக்குப் போகணும். நீ இன்னொரு நாள் வச்சுக்கோ” என்ற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராஜா பதறிக்கொண்டு நின்றவூருக்கு ஓடினார். ஊர் முழுக்கத் தேடினார். கோயிலும் இல்லை, குளமும் இல்லை. கடைசியில் ஆளைக் கண்டுபிடித்து, விஷயம் தெரிந்ததும் தடாலென்று காலில் விழுந்தார். கல்லில் கட்டியவர் மனசில் கட்டியவரிடம் தோற்ற கதை இது.

அந்த ராஜா ராஜசிம்மன்தான் என்பார்கள். அதற்குத் தோதாகக் கைலாசநாதர் கோயில் அடித்தளக் கல்வெட்டும், இந்தக் கலிகாலத்திலும் ராஜா ஓர் அசரீரியைக் கேட்டார் என்று ஆச்சரியப்படுகிறது. அசரீரி என்ன சொன்னது என்பதை மட்டும் மென்று முழுங்கிவிட்டது. ‘உன் விசேஷத்தைத் தள்ளிப்போடு’ என்பதை எந்த ராஜா கல்லில் வெட்டுவார்?

அடுத்து வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர் சாளுக்கிய ராஜா, இரண்டாம் விக்கிரமாதித்தன். 642-இல் பல்லவர்கள் சாளுக்கியத் தலைநகரான வாதாபியைப் பிடித்த வயிற்றெரிச்சல் அந்த வீட்டில் நூறு வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது. சுமார் 740-இல் பெரும் படையோடு வந்தார். அப்போது காஞ்சியை ஆண்ட நந்திவர்மப் பல்லவன் ஓட்டம் பிடித்தார். கொடி, யானைகள், மாணிக்கக் குவியல், கடுமுகம், சமுத்திரகோஷம் என்கிற வாத்தியங்கள் எல்லாம் சாளுக்கியர் கையில். இனி ஊரைக் கொளுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்துவிட்டார் மனிதர்.

அவ்வளவுதான். கொளுத்த வந்தவர் சுற்றிப் பார்க்க வந்தவர் ஆகிவிட்டார். கோயில் சொத்தில் கை வைக்கவில்லை. பொன்னையெல்லாம் சாமிக்கே திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததைச் சும்மா விடுவாரா? மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் கோயில் தூணில் ஆணியால் பேர் கிறுக்கும் பயல்களுக்கு இவர்தான் குலகுரு. ஒரு வித்தியாசம், இவர் கிறுக்கியதைத் தொல்லியல் துறை பத்திரமாகப் பாதுகாக்கிறது.

ஊருக்குப் போன பிறகும் அவருக்கு அந்தக் கோயில் நினைப்பு விடவில்லை போலிருக்கிறது. புருஷன் காஞ்சியை மூன்று முறை ஜெயித்ததற்காக ராணி லோகமகாதேவி பட்டதக்கல்லில் ஒரு கோயில் கட்டினார். இப்போது விருபாட்சர் கோயில் என்கிறோம். அதைப் பார்த்தால் கைலாசநாதர் கோயிலின் ஜாடை அப்படியே தெரியும். ஜெயித்தவர் தோற்றவரைக் காப்பியடித்தார்!

ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. கோயிலைக் கட்டிய தச்சர் குண்டனின் பேரைக் கல்வெட்டில் போட்டு, திரிபுவனாசாரி என்று பட்டமும் கொடுத்தார்கள். நம் ராஜசிம்மனின் கல்வெட்டில் 12 சுலோகங்கள் இருக்கின்றன. பிரம்மாவில் தொடங்கி துரோணர், அசுவத்தாமா வரைக்கும் எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. வெயிலில் உளி பிடித்தவனுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. 200 பட்டத்தில் ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தால் ராஜாவுக்கு என்ன குறைந்திருக்கும்? வாத்தியவித்யாதரன் பட்டத்தையாவது கொடுத்திருக்கலாம். வாத்தியத்தையெல்லாம்தான் பின்னால் சாளுக்கியர் தூக்கிக்கொண்டு போய்விட்டாரே!