பிபிசி சித்தப்பா

உறவுக்காரர்களில் இப்படி ஒருவர் உங்களுக்கும் இருக்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் மேனேஜர். காலையிலிருந்து மாலை வரை மீட்டிங். ஆபீஸ் லேப்டாப் நின்றுபோனால் அதைத் தொடக்கூட மாட்டார். டிக்கெட் போட்டுவிட்டு, கீழ்த்தளத்திலிருந்து ஒரு பையன் வந்து ஆஃப் செய்து ஆன் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அதே மனிதர் சனிக்கிழமை விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டி, நெற்றியில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு, 1980-களில் செய்த கம்ப்யூட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சித்தி காபி வைத்துவிட்டுப் போவார். அது ஆறி, அதில் சால்டரிங் புகை படிந்த பிறகுதான் ஞாபகம் வரும். அப்படியே குடித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் அவருக்கு பிபிசி சித்தப்பா என்று பெயர். லண்டன் போனவர் இல்லை, செய்தி வாசித்தவரும் இல்லை. அவர் கட்டிக்கொண்டு அழும் பெட்டியின் பெயர் பிபிசி மைக்ரோ. முதல் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, பிபிசி என்றால் வானொலியில் வரும் தமிழ் ஒலிபரப்பு என்று மட்டுமே தெரிந்த பாட்டி ஆசையாகக் கேட்டார்: "இதுல தமிழோசை வருமாடா?"

சித்தப்பா பொறுமையாக விளக்கினார். இங்கிலாந்தில் சாதாரண ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுத்ததை, அதற்குத் துணையாக ஒரு கம்ப்யூட்டரும் வேண்டுமென்று தேடியதை, கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் என்ற சிறிய கம்பெனி அதைச் செய்துகொடுத்ததை, 1981 டிசம்பரில் அது வெளிவந்ததை, உள்ளே 6502 என்னும் பிராசசர் 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவதை, நினைவகம் 32 கே என்பதை, ஒன்றுவிடாமல். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப தமிழோசை வராது" என்று முடித்து எழுந்துபோனார்.

ஒரு மனிதருக்கு ஏன் இந்தப் பெட்டி மேல் இத்தனை பித்து? கேட்டால் 'ஹெரிடேஜ்' என்பார், 'என்ஜினியரிங் மார்வெல்' என்பார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காரணம் அவருடைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவு ஊட்டுவது நோக்கம். தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பிபிசி மைக்ரோக்கள் வந்திறங்கின. சித்தப்பாவின் பள்ளியும் அதிர்ஷ்டக்காரப் பள்ளிகளில் ஒன்று. ஒரு அறைக்கு ஏ.சி. மாட்டினார்கள், ஹெட்மாஸ்டர் அறையிலேயே அப்போது மின்விசிறிதான். செருப்பை வாசலில் விட வேண்டும். காலையும் கழுவிக்கொள்ள வேண்டுமா என்று ஒருவன் நிஜமாகவே கேட்டானாம். உள்ளே ஒவ்வொரு பெட்டிக்கும் பூப்போட்ட துணி உறை. பிசிக்ஸ் வாத்தியாரைச் சில வாரம் பயிற்சிக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர் வாத்தியாராக்கியிருந்தார்கள். அறைச் சாவி அவர் இடுப்பில். ஒரு பெட்டிக்கு நாலு பேர். முதல் ரேங்க் வாங்குகிறவன் தட்டுவான், மற்ற மூன்று பேரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். சித்தப்பா முதல் ரேங்க் வாங்குகிற வம்சம் இல்லை. அவர் முறை வரும்போது மணி அடித்துவிடும். மணி அடிக்காவிட்டால் கரண்ட் போய்விடும். கீபோர்டின் மேல்வரிசையில் பத்துச் சிவப்பு விசைகள் இருக்கும். ஒருநாள் ஆசை தாங்காமல் அதில் ஒன்றின் மேல் விரலை வைத்துவிட்டார். பின்னாலிருந்து ஸ்கேல் இறங்கியது. "தொடாதே!"

அந்த வாத்தியாருக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து, சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை தோறும் சித்தப்பா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது என் கட்சி.

பழைய கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. அதன் முதல் விதி, வாங்கி வந்த பெட்டியை உடனே பிளக்கில் சொருகக் கூடாது. முதல் பெட்டியில் சித்தப்பா சொருகினார். பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில், கண்ணாடி மாதிரி ரெசின் போர்த்திய கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கும். உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். வருஷம் ஆக ஆக ரெசினில் முடிவிரிசல் விழும், அந்த வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போகும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? 230 வோல்ட் ஏறிய சற்று நேரத்தில் 'டப்'. கூடம் முழுக்க வெள்ளைப் புகை, மூக்கைப் பிடுங்கும் நாற்றம். சித்தி ஓடிப்போய் கேஸை மூடினார். எதிர் வீட்டுக்காரர் பக்கெட்டில் தண்ணீரோடு வந்துவிட்டார். புகைக்கு நடுவில் சித்தப்பாவின் குரல் மட்டும் கேட்டது: "பார்த்தியா, வேலை செய்யுது!"

அவர் சொன்னது உண்மை. அந்தக் கெப்பாசிட்டருக்கு வேலை மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவது மட்டும்தான். அது வெடித்தாலும் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும். திரையில் '32கே' என்ற வரியும் அதன் கீழே ஒரு அம்புக்குறியும் சாந்தமாக மின்னிக்கொண்டிருந்தன. கையில் பக்கெட்டோடு நின்ற எதிர் வீட்டுக்காரருக்கும் அதைக் காட்டினார்.

அடுத்த விதி, கட்டைவிரல். சாக்கெட்டில் சொருகியிருக்கும் சிப்புகள் சூடாகிச் சூடாகி ஆறும்போது ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு மேலே எழும்பும். நாளடைவில் காலும் சாக்கெட்டும் சரியாகத் தொடாமல் போய்விடும். ஆகவே மூடியைத் திறந்ததும் ஒவ்வொரு சிப்பின் தலையிலும் விரலை வைத்து அழுத்த வேண்டும். 'கிறிச்' என்று ஒரு சத்தம் வரும். பாதி வியாதி இதிலேயே தீர்ந்துவிடும். அதற்கும் தீராவிட்டால் தொட்டுப் பார்ப்பது: எந்தச் சிப் அளவுக்கு மீறி விரலைச் சுடுகிறதோ அதன் மேல்தான் முதல் சந்தேகம். சித்தப்பாவின் ஆள்காட்டி விரலில் ரேகை இருக்க வேண்டிய இடம் வழவழ என்று இருக்கிறது.

அவருக்கு மூக்கும் ஒரு மீட்டர். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் சில கசிந்திருக்கும். அயர்னை வைத்ததும் கருவாட்டு வாசனை வரும். சித்தப்பா வீடு சுத்த சைவம். பூஜையறைக்குப் பக்கத்தில் கருவாடு வறுத்த வாசனை ஏன் வந்தது என்று சம்பந்தி வீட்டாருக்கு விளக்கும் பொறுப்பு சித்தியின் தலையில் விழுந்தது.

பாகம் வாங்க ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து திரும்பி, செல்போன் கவர் தொங்கும் கடைகள் எல்லாவற்றையும் தாண்டிப் போனால், கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த பழைய கடை ஒன்று இருக்கிறது.

"74எல்எஸ்245 இருக்கா?"

"எத்தனை வேணும் சார்?"

"ஒண்ணு."

கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்ப்பார். "பையனுக்கு காலேஜ் ப்ராஜெக்டா?"

"ஆமாங்க" என்பார் சித்தப்பா. பிபிசி மைக்ரோ பற்றி விளக்குவதைவிட இந்தப் பொய் சுலபம், விலையும் குறையும். ஒன்று கேட்டவர் பத்து வாங்கிக்கொண்டு வருவார். கேட்டால், 'ஸ்பேர்'. 6502 பிராசசர் 1975-ல் வெறும் 25 டாலருக்கு வந்து மற்றக் கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த கதையை, அதன் வாரிசு இன்றைக்கும் தயாரிப்பில் இருப்பதை, பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கும் பையனுக்கும் சொல்லியிருக்கிறார்.

சித்தி மிக்ஸியை நீட்டினால் நிலைமையே வேறு. ஒரு சுற்று ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். "கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, கடைக்குக் குடுத்துடு." அவர் கண்டுபிடித்தது சரியாகவே இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் மேஜையிலிருந்து எழாது. "அதுக்கு நாப்பது வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்றார் ஒருமுறை. சித்தி சிரிக்கவில்லை.

மே மாதம் அவர் வாழ்க்கையில் விசேஷமானது. இந்தப் பெட்டிகளின் மூடி வருஷக்கணக்கில் பழுப்பேறிப் பல்செட் நிறத்துக்கு வந்திருக்கும். தீப்பிடிக்காமலிருக்க அந்தக் காலப் பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின்தான் காரணம் என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. வைத்தியம், ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும். பியூட்டி பார்லருக்குச் சரக்குப் போடும் கடையில் தலைமுடி வெளுக்கும் கிரீமை டப்பா டப்பாவாக வாங்கிவந்து, மூடி முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, மொட்டை மாடியில் காயவைப்பார். ஐரோப்பாவில் இதற்காக அல்ட்ரா வயலட் விளக்கு வாங்குகிறார்களாம். சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சென்னை வெயிலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற ஒரே ஆத்மா அவர்தான். ஒரு பக்கம் சித்தியின் வடாம், மறு பக்கம் சித்தப்பாவின் மூடி. இரண்டுக்கும் காக்கை விரட்டுவது சித்தப்பா பொறுப்பு என்று ஒப்பந்தம். கிரீம் சமமாகப் பூசாத இடத்தில் தேமல் விழும். நன்றாக வெளுத்த மூடியும் சில வருஷத்தில் மறுபடி பழுப்பேறும். அதைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசியில் ஒருநாள் ஓடும். போட்டவுடன் தாழ்ந்த சுருதியில் 'பூ', அதற்குமேல் உச்சத்தில் ஒரு 'பீப்'. 'பூ' மட்டும் நீண்டுகொண்டே போனால் பிராசசர் எழவில்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசம் வேலைக்கார அம்மாவுக்கும் தெரியும். இரண்டாவது சத்தம் வந்த சனிக்கிழமை வீட்டில் பாயசம். சித்தப்பா உட்கார்ந்து என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? தன் பெயரை இடைவிடாமல் அச்சடிக்கும் இரண்டு வரி புரோகிராம். பத்தாவது வரியில் பிரிண்ட், இருபதாவது வரியில் 'பத்துக்குப் போ'. பெயர் திரையில் அருவியாகக் கொட்டும். பத்து நிமிஷம் பார்ப்பார். அணைத்துவிடுவார்.

வேண்டுமானால் அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 32 கே-யில் உயர்தரத் திரை வைத்தால் அதற்கே 20 கே போய்விடும். சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்துகிற சாமர்த்தியம்தான். அப்படிப்பட்ட 32 கே-யிலேயே 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்று ஒரு விண்வெளி விளையாட்டு எழுதினார்கள். இந்தப் பெட்டியின் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும் அவருடைய சகா ஸ்டீவ் ஃபர்பரும் ஏக்கார்னிலேயே ஒரு புது பிராசசர் வடிவமைத்தார்கள். 1985-ல் அதன் முதல் சிப் ஓடியது ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான். பெயர் ஆர்ம். இன்றைக்கு ஸ்மார்ட்போன்களில் இருப்பது அந்தக் குடும்பத்துச் சிப்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் போனை எடுத்தால் போதும், ரசம் வருவதற்குள் இதை முழுக்கச் சொல்லிவிடுவார். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்பதுதான் அவரை எதிர்த்துப் பேச முடியாத சங்கடம்.

போன பொங்கலுக்கு என் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கூடத்து மேஜையில், சித்தியின் பழைய நைட்டித் துணியில் தைத்த பூப்போட்ட உறைக்குக் கீழே, பெட்டி பளபளத்தது. சித்தப்பா உறையை விலக்கிக் காட்டினார். பையனின் விரல் நேராக பிரேக் விசைக்குப் போனது. அதை அமுக்கினால் எழுதிய புரோகிராம் மறைந்துவிடும். 'ஓல்டு' என்று அடித்தால் திரும்பி வந்துவிடும். ஆக, குடி முழுகிப் போகிற விஷயம் இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சித்தப்பாதான்.

"தொடாதே!" என்று போட்டார் ஒரு அதட்டல். கையில் ஸ்கேல் இல்லை, டெஸ்டர் இருந்தது.

"சின்னத் தாத்தா, அப்ப எதுக்கு இதை ரிப்பேர் பண்ணீங்க?" என்றான் பையன். சமையலறையிலிருந்து சித்தி சிரித்தது கூடம்வரை கேட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, நீங்கள் படித்த பள்ளியின் ஸ்டோர் ரூமிலோ, பழுப்பேறிய மூடியும் பத்துச் சிவப்பு விசையுமாக ஒரு பெட்டி கிடந்தால் தயவுசெய்து பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் அந்தக் கெப்பாசிட்டர்களை முதலில் மாற்றியாக வேண்டும். பழைய இரும்புக்கும் போட்டுவிடாதீர்கள். ஊரில் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார், சொல்லி அனுப்பினால் ஆட்டோ பிடித்துக்கொண்டு அவரே வருவார். ஆனால் அவரிடம் கொடுக்குமுன், கரண்ட் இல்லாமலேதான், வீட்டுப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் அந்த விசைகளை ஆசை தீரத் தட்ட விடுங்கள். அவர் கைக்குப் போன பிறகு அது நடக்காது.