டிரிம்மர் முக்குற்ற விளக்கம்

பாயிரம்

நுதலிய பொருள்: பேட்டரியில் ஓடும் ஹெட்ஜ் டிரிம்மர், அதற்கு வரும் நோய், நோய்க்கு மருந்து. எல்லை: வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம். கேட்போர்: வாசலில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வேலியாக வளர்த்து, தெருவை மறிக்கும் கிளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டும் குடும்பத் தலைவர்கள். பயன்: அன்று மாலையே மெக்கானிக்கைத் தேடி அலையாதிருத்தல்.

இரு பள்ளிகள்

ஓடாத டிரிம்மரைக் குறித்து இவ்வெல்லைக்குள் இரண்டு கொள்கைகள் நிலவும். விழுப்புரம் ஐந்து திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு. ஆதலால் அவ்வூர்ப் பள்ளியார் எதிலும் இணைப்பையே முதலில் ஐயுறுவர். “பேட்டரி காண்டாக்ட் சரியில்ல சார்” என்பது அவர்கள் சூத்திரம். திண்டிவனமோ எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர், டி.எம்.வி. 7 போன்ற நிலக்கடலை ரகங்களைத் தந்த ஊர். அவ்வூர்ப் பள்ளியார், “எண்ணெய் போடல, அதான்” என்று முடித்துவிடுவர்.

இவற்றுள் எது சரி எனின், இருவருமே பார்க்க மறந்தது கைப்பிடியை. பெரும்பாலான டிரிம்மர்களில் சுவிட்சு இரண்டு. இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. சும்மா இருக்கும் கை பிளேடுப் பக்கம் போகாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஒரு கையில் டிரிம்மரும் மறு கையில் செல்போனும் வைத்துக்கொண்டு “மிஷின் டெட்” என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறி அன்று.

சுவிட்சில் குறையில்லை என்று தெளிந்த பிறகே நாடி பார்க்க வேண்டும். சித்த மருத்துவம் நோயை முக்குற்றத்தில் அடக்கும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமும் மூன்றையே பேசும். டிரிம்மருக்கும் மூன்றே. எதைத் தொடுமுன்னும் பேட்டரியைக் கழற்றுக. இவ்விதிக்கு விலக்கு இல்லை.

வாதம்

அசைவு கெடுவது வாதம். பல் வைத்த இரண்டு பிளேடுகள் ஒன்றையொன்று உரசி ஓடும்போது, பல்லிடைவெளிக்குள் நுழையும் கிளை மட்டுமே அறுபடும். வீட்டு ரகங்களில் அந்த இடைவெளி ஏறக்குறைய 15 முதல் 20 மி.மீ. முற்றிய காகிதப்பூத் தண்டு அதில் அடங்காது. அடக்க முயன்றால் பிளேடு நின்று மோட்டார் உறுமும். உறுமினால், கிளையோ, என்றோ பந்தலுக்குக் கட்டி மறந்த கட்டுக்கம்பியோ சிக்கியிருக்கிறது என்க. மரக்குச்சியால் தள்ளி எடுக்கலாம். மோட்டார் சுகமாகச் சுழன்றும் பிளேடு அசையாவிட்டால் கியர் போயிற்று. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. கிளையை வெட்டாமல் மென்று துப்பினால், பிளேடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கூர் மழுங்கியிருக்கும். போல்ட்டை முதலில் பார்க்க; சாணை பிறகு.

பித்தம்

சூடு ஏறுவது பித்தம். பெட்டியில் 20 வோல்ட் என்றும், பேட்டரியின் அடியில் பொடி எழுத்தில் 18 வோல்ட் என்றும் இருப்பது கண்டு பாடபேதம் என மயங்கற்க. 3.6 வோல்ட் லித்தியம்-அயான் செல் ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில், சுமை ஏறாதபோது 20ஐ எட்டும். இரு பாடங்களுக்கும் பொருள் ஒன்றே.

கத்திரி வெயிலில் வெட்டி முடித்த கையோடு சார்ஜரில் செருகினால் விளக்கு மினுக்கும், சார்ஜ் ஏறாது. இது பழுதன்று. சூட்டோடு சார்ஜ் ஏற்றினால் செல் கெடும் என்பதால் சார்ஜர் காத்திருக்கிறது. நிழலில் அரை மணி வைத்தால் தணியும். ஃப்ரிட்ஜில் வைக்கலாமே எனின், ஆகாது. வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் கட்டும். முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்து விதி. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயானை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னும் அவ்விதியைச் சித்தப்பாக்கள் அழியாமல் காத்து வருகின்றனர். அவர்கள் சொல்படி காலியாக்கிப் பரணில் போட்ட பேட்டரியை அடுத்த பருவத்தில் சார்ஜர் ஏற்க மறுக்கும். பாதிச் சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைப்பதே பத்தியம்.

கபம்

பிசுபிசுப்பு கபம். நந்தியாவட்டையிலும் அரளியிலும் வடியும் பால் பிளேடில் காய்ந்து பிசினாகி, தூசியோடு கெட்டிப்படும். அதை இழுத்து ஓட மோட்டார் கூடுதலாக உழைக்கும், பேட்டரி சூடேறும். கபம் பித்தமாகத் திரிவது இவ்வாறே. வெட்டிய அன்றே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு விடுக. செக்கு நல்லெண்ணெய் போதாதோ எனின், போதாது. சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுத் தானே பிசினாகும். தேங்காய் எண்ணெயோ மார்கழியில் உறையும். திண்டிவனப் பள்ளியின் கொள்கை சரி, எண்ணெய்தான் தவறு.

விழுப்புரப் பள்ளிக்கும் ஓர் இடம் உண்டு. இரு ஊருக்கும் நடுவே உள்ள மயிலத்தில் 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 51 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய கார்த்திகை வரும் நாட்டில், ஈரம் காயாத வேலியில் டிரிம்மரை இறக்கினால் காண்டாக்டில் களிம்பு ஏறும். உலர்ந்த துணியால் துடைக்க. குழாயடியில் கழுவற்க.

நான்காம் குற்றம்

நோயின் முதற்காரணத்தைத் தேடிச் சென்றால் நான்காவது ஒன்று எதிர்ப்படும். அதன் பெயர் இரவல். கம்பெனிக் கையேட்டில் அதற்குத் தலைப்பில்லை. காலையில் நலமாகப் போன டிரிம்மர், மாலையில் கம்பி கடித்த பல்லோடும், பால் காய்ந்த பிளேடோடும், கொதிக்கும் பேட்டரியோடும் திரும்பும். முக்குற்றமும் ஒருங்கே கூடிய இந்நிலையே சன்னிபாதம். சார்ஜர் உடன் வராது. “பேட்டரி கொஞ்சம் வீக்குங்க, மத்தபடி நல்லா ஓடுச்சு” என்ற நோயறிக்கை மட்டும் வரும்.

கொடுக்க மறுப்பது தீர்வாகாது; இரவல் கேட்பவர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டியவர். ஆகவே பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு, மிஷினை மட்டும் மனமுவந்து கொடுக்க. பேட்டரி கேட்டு மறுபடி வந்தால், “சார்ஜ்ல இருக்குங்க” என்க. கூறியது கூறலை நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக விலக்கும். இவ்விடைக்கு அந்த விலக்கு இல்லை, வரும்போதெல்லாம் கூறலாம்.