சிற்றாலை லாகரும் பேராலை லாகரும்: ஓர் அளவை ஆராய்ச்சி

பாயிரம்

நுவலும் பொருள் யாதெனின், லாகர். நுவலும் காரணம் யாதெனின், பில்.

பெங்களூரு இந்திராநகரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் ஒரு பப்பில் அமர்ந்து, பக்கத்துத் தெருக் கடையின் புட்டியைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து, அதே பொன்மஞ்சளும் அதே வெண்ணுரையும் கொண்ட ஒன்றைப் பருகியவர் எவருக்கும் எழும் ஐயம் இது: கூடுதல் காசு போவது எங்கே? நாவுக்கா, கட்டட வாடகைக்கா, நம் அகந்தைக்கா?

இதை ஆராய்ந்த முன்னோர் சுவடி எதுவும் விட்டுச் செல்லவில்லை. ஆகவே சைவ சித்தாந்திகள் இறையையும் உயிரையும் நிறுவக் கையாண்ட காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையே கடன் வாங்குகிறோம். அவர்கள் கோபித்துக்கொள்ள நியாயம் உண்டு. ஆனால் வழக்கும் சிறியதன்று.

முதலில் வரையறை. குளிரில், அதாவது 8 முதல் 13 டிகிரி செல்சியசில், தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட்டால் புளித்து, பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிவது லாகர். அந்த ஈஸ்ட் ஒரு கலப்பு மணத்தின் பிள்ளை. பெற்றோரில் ஒருவர், ரொட்டிக்கும் ஏல் வகை பீருக்கும் உழைக்கும் பழகிய ஈஸ்ட். மற்றவர் யாரென்று நெடுங்காலம் தெரியவில்லை. 2011இல்தான் அர்ஜென்டினாவின் படகோனியக் காட்டில், மரக்கிளை முடிச்சுகளில் வாழ்ந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள்.

இனி, 'சிற்றாலை' என்பது எது? கிராஃப்ட் என்று ஒட்டிக்கொள்ள எவ்வளவு சிறியதாக இருக்கவேண்டும்? அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் இதற்கு இலக்கணம் செய்திருக்கிறது. ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேற்படாதவர் சிறியர். ஓர் அமெரிக்கப் பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 70 கோடி லிட்டர். எழுபது கோடி லிட்டர் காய்ச்சுபவரைச் 'சிறியர்' என்றழைக்கும் பெருந்தன்மையை வேறெந்தத் தொழிலிலும் யாம் கண்டிலோம். முன்னர் இவ்வரம்பு 20 லட்சம் பீப்பாய். சாமுவேல் ஆடம்ஸ் லாகரைக் காய்ச்சும் பாஸ்டன் பீர் கம்பெனி அதை நெருங்கியபோது வரம்பு எழுந்து நகர்ந்து வழிவிட்டது. இலக்கணம் வழக்கைப் பின்பற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நன்னூல் செய்த பவணந்தியாருக்கும் கிடைத்திராது.

காண்டல் அளவை

கண்ணை மூடி நாவைத் திறப்பது இவ்வளவையின் முறை. 1964இல் அலிசன், உல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், லேபிள் உரித்த புட்டிகளைப் பீர் குடிப்போரின் வீடுகளில் கொடுத்து மதிப்பெண் இடச் சொன்னார்கள். தத்தம் அபிமான பீரையே அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். லேபிளோடு கொடுத்தபோது அபிமான பீர் சட்டென்று சுவைகூடிவிட்டது. 2014இல் வெளியான வேறோர் ஆய்வில் செக், டச்சு, பெல்ஜிய லாகர் மூன்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்று குவளை வைப்பார்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, ஒற்றையைக் காட்டவேண்டும். குருட்டடியாகவே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். வந்திருந்தோர் அந்தக் குருட்டடியை நம்பும்படியாகத் தாண்டவில்லை.

(இத்தகைய சிறு சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்று அளக்கும் கணக்கே ஒரு பீர் ஆலையில் பிறந்ததுதான். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் அதை வெளியிட்டார். ஆலை கறுப்பு பீர் ஆலை என்பதால் லாகர் தரப்பு இதில் பெருமை கொண்டாட இயலாது.)

இன்னும் குரூரமான சோதனை ஒன்றுண்டு. 2006இல் நடத்தைப் பொருளியலாளர் டான் ஏரியலியும் தோழர்களும் பீரில் சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பிடித்தது. குடிக்குமுன்பே தெரிந்துகொண்டவர்கள் முகம் சுளித்தார்கள். குடித்து முடித்தபின் சொல்லப்பட்டவர்களோ தங்கள் விருப்பத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. சொல் முந்திக்கொண்டால் நாக்கு அதன் பின்னால் போகும் என்பது பெறப்படும்.

அற்றேல், சிற்றாலைக்கு இத்தோடு தோல்விதானோ எனின், அன்று. 2014 ஆய்வில் போட்டியிட்ட மூன்றும் கடல்கடந்து விற்கும் பேராலைச் சரக்கு. மூன்று உடன்பிறப்புகளுக்குள் வித்தியாசம் தெரியவில்லை என்பதால் ஊரில் எல்லோரும் ஒரே முகம் என்று சொல்லிவிட முடியாது. சுவைக்கும் குளிரையும் பார்க்கவேண்டும். நம் ஊரில் குடிப்பவர் முதலில் கேட்பது, 'கூலிங் இருக்கா?' என்றுதான். பற்கூசும் குளிரில் நாக்கு பாதி மரத்துப்போகும். மரத்த நாவுக்கு எல்லா லாகரும் சமம். பேராலைகள் குளிரையே விளம்பரம் செய்வதன் உட்பொருளும் இதுவே என்று ஐயுறுகிறோம். செக் நாட்டில் 7 டிகிரி சுமாருக்கு ஊற்றுகிறார்கள். அந்த வெப்பத்தில் வைத்துப் பார்க்காத தீர்ப்பு எதையும் யாம் ஏற்பதற்கில்லை.

கருதல் அளவை

புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, பில்லைக் கண்டு தொட்டியை அறிதல் இங்கு செய்யற்பாலது.

ஏல் வகை பீர் இரண்டு மூன்று வாரத்தில் குவளைக்கு வந்துவிடும். முறையாகச் செய்த லாகருக்கு ஒன்றரை மாதமாவது தொட்டியில் இடம் வேண்டும். பத்துத் தொட்டி வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு, ஒரு லாகர் படுத்திருக்கும் காலத்தில் இரண்டு மூன்று முறை கோதுமை பீர் காய்ச்சி விற்றிருக்கலாமே என்ற ஏக்கம் இருக்கும். அந்த ஏக்கமும் பில்லில் ஏறுகிறது. பேராலைக்கு இந்தக் கவலை குறைவு. கொஞ்சம் கூடுதல் வெப்பத்தில் விரைவாகப் புளிக்கவைக்கும். கெட்டியாகக் காய்ச்சிக் கடைசியில் பிராணவாயு நீக்கிய தண்ணீரை விளாவும். ஒரே தொட்டியிலிருந்து அதிக புட்டி.

அடுத்து, அரிசி. முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டோடு அரிசியோ சோளமோ சேர்த்தால் பீர் மெலியும், வெளுக்கும், நாவில் தங்காமல் போகும். சிற்றாலைக்காரர்கள் இதைக் கலப்படம் என்று கூவுவது வழக்கம். வரலாறோ வேறு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மானியருக்கு அங்கே கிடைத்த பார்லியில் புரதம் மிகுதி, பீர் கலங்கியது. கலங்கலைப் போக்கவே சோளமும் அரிசியும் வந்தன. 1876இல் பிறந்த பட்வைசரில் அரிசி உண்டு. மூன்று வேளையும் அரிசி உண்ணும் நமக்கு இதைப் பழிக்க வாய் வராது. ஆயினும் முழு மால்ட் லாகரில் ரொட்டி ஓட்டின் வாசனை வரும், அரிசி லாகரில் வராது என்பது உண்மை.

இங்கே பேராலைக்கு ஒரு வணக்கம் வைக்காமல் மேலே செல்வது நன்றி மறத்தல். கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். ஆலை அதைப் பூட்டிவைக்காமல் பிறருக்கும் கொடுத்தது. அமிலத்தை அளக்கும் பிஎச் அளவுகோலை 1909இல் சோரன்சன் அதே கூடத்தில்தான் வகுத்தார். கார்ல் வான் லிண்டே 1870களில் குளிரூட்டும் பொறி செய்தபோது அவருக்குப் பின்னால் பணத்தோடு நின்றவர்கள் பீர் முதலாளிகள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாவு புளிக்காமல் இருப்பதில் லாகருக்கும் பங்குண்டு.

தொழில் சுத்தத்திலும் பேராலையே மூத்தது. வெளிர் லாகர் இட்லி போன்றது. சாம்பாரை எடுத்துவிட்டால் குறை ஒளிய இடமில்லை. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை அள்ளிக்கொட்டிய ஐபிஏ என்னும் ஏலில் பத்துப் பிழை மறையும். லாகரிலோ, கிடத்தும் நாளில் அவசரப்பட்டால் டைஅசிடைல் என்னும் பொருள் மிஞ்சி வெண்ணெய் வாசம் அடிக்கும். மால்ட் கஷாயத்தைச் சரியாகக் கொதிக்கவிடாவிட்டால் வேகவைத்த சோளத்தின் நாற்றம். இவ்விரண்டையும் 'எங்கள் கைவண்ணம்' என்று மேசைக்குக் கொண்டுவரும் சிற்றாலைகள் உண்டு. பேராலை பீரில் இவை வருவது அரிது. அதில் வரக்கூடிய வாசனையே அரிது என்பது எதிர்த்தரப்பின் கேலி.

ஆனால் இரு தரப்பையும் ஒருசேர வீழ்த்தும் பகைவர் இருவர்: வெயிலும் வயதும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். பச்சைப் புட்டி அதைத் தடுக்காது, பழுப்பு ஓரளவு தடுக்கும். நாள் ஆக ஆக, அதிலும் வெப்பத்தில், நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் ஏறும். மே மாதத்து லாரியில் வந்து குளிரூட்டாத கிடங்கில் காத்திருக்கும் புட்டிக்கு உள்ளே இருப்பது சிற்றாலையா பேராலையா என்ற பாகுபாடு கிடையாது. மெல்லிய அரிசி லாகரில் கெடுவதற்கே அதிகம் இல்லை. மால்ட் மணத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய சரக்கில்தான் இழப்பு மிகுதி.

பில்சன் நகரத்தை இங்கே சாட்சிக்கு அழைக்கிறோம். கெட்டுப்போன பீரை அந்நகரத்தார் 1838இல் நகர மன்றத்தின் முன் பீப்பாய் பீப்பாயாகக் கவிழ்த்தார்கள். பிறகு கூட்டாக ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதே உலகின் வெளிர் லாகர்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை. அந்த ஆலை இப்போது ஜப்பானின் அசாஹி கம்பெனி கையில். உற்பத்தியோ பேராலை அளவு. ஆனாலும் கிராஃப்ட் லாகர்க்காரர்கள் எட்டிப்பிடிக்க முயல்வது அதைத்தான். செக் நாட்டிலும் பவேரியாவிலும் நல்ல லாகர் என்பதே சாதாரண லாகர், தொழிலாளி குடிப்பது. அங்கே இந்தக் கட்டுரைக்கு வாசகர் கிடைக்கமாட்டார்.

உரை அளவை

நம்பத்தகுந்தோர் சொல் இது. பீர் விஷயத்தில் அத்தகையோர் இல்லை. இந்திய பீரில் கிளிசரின் கலந்திருக்கிறது, புட்டியை நீரில் தலைகீழாகப் பிடித்தால் அது வடியும் என்று வெளிநாட்டுப் பயணிகள் தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் ஓதிவந்தார்கள். வடிவது தண்ணீரைவிடச் சற்று எடைகூடிய பீரேதான். மீசை முறுக்கிய பார்டெண்டர் 'சிட்ரஸ் நோட்ஸ்' என்று சொல்வதும் இவ்வகைத்து. தமிழ்நாட்டுப் புட்டியில் அச்சிட்டிருப்பவற்றுள் எல்லாத் தரப்பும் மறுப்பின்றி ஏற்கும் ஒரே வாக்கியம் குடி கேடு என்னும் எச்சரிக்கை மட்டுமே.

முடிபு

காய்ச்சிய இடத்திலேயே, தொட்டியிலிருந்து குழாய்க்கு நேராக வரும் சிற்றாலை லாகர், வெண்ணெயும் சோளமும் நாறாதவிடத்து, கேட்ட காசுக்குத் தகும். முதல் குவளைக்கு முழுமையாகத் தகும், இரண்டாவதற்கு ஓரளவு. மூன்றாவதில் நாவின் சாட்சியம் செல்லாது என்பதால் பேராலைச் சரக்கே போதும். அதற்குமேல் போகிறவருக்கு இந்த ஆராய்ச்சியால் பயனில்லை. போதையே குறியாக 8 சதவீத ஸ்ட்ராங் பீர் தேடுவோர் எமது ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.

புட்டியிலோ டின்னிலோ வாங்குவதாயின், வாசகரே, பெயரைப் படிக்குமுன் தேதியைப் படியுங்கள். ஆறு மாதம் அலமாரியில் வெந்த கிராஃப்ட் லாகரும் போன மாதம் அடைத்த மலிவு லாகரும் அருகருகே இருந்தால், மலிவானதை எடுத்துக்கொண்டு கூச்சப்படாமல் வீட்டுக்குப் போங்கள்.